போலி ஆன்டிவைரஸைக் கழற்றும் வரிசை

வீட்டுக் கம்ப்யூட்டரின் வலது கீழ் மூலையில் திடீரென ஒரு சின்னக் கட்டம் எழும். பிரபலமான ஆன்டிவைரஸ் ஒன்றின் சின்னம், சிவப்பில் ஓர் ஆச்சரியக்குறி, "5 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன, உடனே நீக்கவும்" என்ற வரி. மூடினால் அரை மணி நேரத்தில் இன்னொன்று வரும். இதைப் பார்த்ததும் பலரும் அந்தக் கட்டத்தையே கிளிக் செய்துவிடுகிறார்கள். கொஞ்சம் விவரமானவர்கள், நெட்டில் தேடிக் கிடைக்கும் முதல் "கிளீனரை" இறக்கி ஓட்டுகிறார்கள். இந்த இரண்டாவது வழியில்தான் ஒன்றுமில்லாத கம்ப்யூட்டருக்குள் உண்மையான குப்பை வந்து சேர்கிறது.

எதையும் நீக்குவதற்கு முன், அந்தக் கட்டத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சின்னத்தையும் சிவப்பு எழுத்தையும் விட்டுவிட்டு, ஓரத்தில் சாம்பல் நிறத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். அங்கே "கூகுள் குரோம்" என்றோ "மைக்ரோசாஃப்ட் எட்ஜ்" என்றோ இருக்கும். பக்கத்திலேயே இதுவரை கேள்விப்பட்டிராத ஒரு வெப்சைட்டின் முகவரியும் இருக்கும். அப்படியானால் இது பிரவுசர் நோட்டிஃபிகேஷன். கம்ப்யூட்டரில் எதுவும் இன்ஸ்டால் ஆகவில்லை. படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன ஏதோ ஒரு தளத்தில், "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்" என்று கேட்டதற்கு வீட்டில் யாரோ அலவ் கொடுத்திருக்கிறார்கள். ஆன்டிவைரஸ் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் இதில் எதையும் பிடிக்காது. பிடிக்க அங்கே ஃபைலே கிடையாது, ஓர் அனுமதி மட்டும்தான் இருக்கிறது.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். எட்ஜிலும் செட்டிங்ஸுக்குள் சைட் பர்மிஷன்ஸ் என்ற பெயரில் இதே இடம் உண்டு. தெரியாத பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி பிளாக் கொடுங்கள். ரிமூவ் கொடுத்தால் அந்தத் தளம் மறுபடி அனுமதி கேட்கலாம், பிளாக் கொடுத்தால் கேட்காது. இது 2 நிமிட வேலை.

அடுத்த வகை, திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் பக்கம். சைரன் மாதிரி சத்தம் வரும், ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் எச்சரிக்கும், நடுவில் ஒரு போன் நம்பர் இருக்கும். மவுஸ் அம்பைக் காணாது. எஸ்கேப் கீயைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. கம்ப்யூட்டரே பூட்டிக்கொண்டதாகப் பதறுவது இந்த இடத்தில்தான். உண்மையில் அந்தப் பக்கம் முழுத்திரைக்குப் போய், கீபோர்டையும் தன்வசம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்போது எஸ்கேப் கீயைத் தட்டாமல், இரண்டு மூன்று விநாடி விடாமல் அழுத்திப் பிடித்தால் குரோமும் எட்ஜும் முழுத்திரையிலிருந்து வெளியே வந்துவிடும். வராவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இந்தச் சேர்க்கையை எந்த வெப்பக்கத்தாலும் மறிக்க முடியாது. அங்கிருந்து டாஸ்க் மேனேஜருக்குப் போய் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா" என்று கேட்கும். மீட்க வேண்டாம், அதே பக்கம் திரும்ப வந்து நிற்கும்.

அந்தப் பக்கம் காட்டும் ஸ்கேன் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பிரவுசருக்குள் ஓடும் பக்கத்தால் உங்கள் டிஸ்கில் உள்ள ஃபைல்களைத் தன்னிஷ்டத்துக்குத் திறந்து படிக்க முடியாது. ஓடுகிற பச்சைப் பட்டை வெறும் படம். லட்சக்கணக்கான ஃபைல்களை உண்மையாகவே முழு ஸ்கேன் செய்தால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம், இது 10 விநாடியில் முடிந்துவிடும். செல்போனில் திறந்தால்கூடச் சில பக்கங்கள் "சி டிரைவில் வைரஸ்" என்று சொல்லும். செல்போனில் சி டிரைவ் ஏது? போன் நம்பரைப் பொறுத்தவரை மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: அவர்களுடைய உண்மையான எச்சரிக்கைகளில் ஒருபோதும் போன் நம்பர் இருக்காது.

இந்தத் தொழில் பழையது. வின்ஃபிக்ஸர், எரர்சேஃப், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்ற பெயர்களில் விற்றவர்கள் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டபோது, பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல் என்று சொன்னது. அந்த வழக்கில் 2012-ல் 16 கோடி டாலருக்கும் அதிகமாகத் தீர்ப்பானது. 2011-ல் மேக் டிஃபெண்டர் வந்து, ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வராது என்று நம்பியிருந்தவர்களையும் பிடித்தது. அதற்கென்றே அந்த மே மாதக் கடைசியில் ஆப்பிள் ஒரு செக்யூரிட்டி அப்டேட் விட்டது. 2024 மார்ச்சில்கூட, சைப்ரஸைச் சேர்ந்த இரண்டு "பிசி ரிப்பேர்" நிறுவனங்கள் பயமுறுத்தும் பாப்-அப் காட்டி விற்றதற்காக அதே கமிஷனுடன் 2.6 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. மாறுவது வேஷம் மட்டும்தான்.

இனி, உண்மையிலேயே இன்ஸ்டால் ஆகிவிட்ட வகை. பிரவுசர் எதுவும் திறந்திருக்காதபோதும் எச்சரிக்கை வருகிறது, டெஸ்க்டாப்பில் புது ஐகான் இருக்கிறது, டாஸ்க்பாரில் கேடயச் சின்னம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்றால் அது இந்த வகையாக இருக்கலாம். லேப்டாப்போடு வந்த நிஜமான ஆன்டிவைரஸின் இலவசக் காலம் முடிந்தாலும் இதே மாதிரித்தான் நச்சரிக்கும். இரண்டையும் பிரித்தறிய விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, கீழே உள்ள செட்டிங்ஸில் மேனேஜ் புரொவைடர்ஸ் என்பதைப் பாருங்கள். விண்டோஸிடம் முறையாகப் பதிவுசெய்த ஆன்டிவைரஸ் அங்கே பெயரோடு இருக்கும். அங்கே இருந்தால் அது பெரும்பாலும் நிஜம். வேண்டாமென்றால் அன்இன்ஸ்டால் செய்துவிடலாம், விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும். திரையில் "முழுப் பாதுகாப்பு" என்று சொல்லிக்கொண்டு அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அதை நீக்கும்போது வரிசை முக்கியம். பலரும் முதலில் ஃபைலை அழிக்கிறார்கள். அழிப்பது கடைசியில் வரவேண்டிய வேலை. முதலில் நெட்டைத் துண்டியுங்கள், பிறகு அது தானாக எழும் வழியை அடையுங்கள், அதற்குப் பிறகு ஃபைலை அழியுங்கள், முடிவில் அது மாற்றிவைத்துப் போன செட்டிங்ஸைத் திருப்புங்கள். இந்தக் கடைசி வேலையைப் பலரும் செய்வதில்லை. அதனால்தான் "வைரஸ் போய்விட்டது, ஆனால் நெட் வரவில்லை" என்று புலம்ப நேர்கிறது.

தொடங்கும் முன் மூன்று காரியம். வேறொரு நல்ல கம்ப்யூட்டரிலிருந்து மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ், மால்வேர்பைட்ஸ் என்ற ஸ்கேனர், மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் ஆகியவற்றை அதனதன் சொந்தத் தளத்திலிருந்தே ஒரு பென்டிரைவில் இறக்கிக்கொள்ளுங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பர லிங்க்கைத் தொட வேண்டாம். இரண்டாவது, டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர். இப்போது வரும் பல லேப்டாப்களில் டிஸ்க் என்கிரிப்ட் ஆகித்தான் வருகிறது. சேஃப் மோடுக்கு (மிகத் தேவையானவை மட்டும் எழும் விண்டோஸ்) போகும் வழியில் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நின்றுவிடலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் இருக்கும், முன்பே எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். மூன்றாவது, அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டு. சில மெஷின்களில் சேஃப் மோடில் நான்கு இலக்க பின் நம்பர் வேலை செய்யாது.

லேன் கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணைத்த பிறகு முதலில் நேர்வழியைப் பாருங்கள். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ் போய், இன்ஸ்டால் ஆன தேதிப்படி அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய அன்று வந்தவை எல்லாம் ஒன்றாக மேலே தெரியும். இந்த மாதிரிச் சரக்கு தனியாக வருவது குறைவு. கூடவே ஒரு பிரவுசர், ஒரு "டிரைவர் அப்டேட்டர்", ஒரு பிடிஎஃப் கன்வெர்ட்டர் என்று கூட்டமாக வந்திருக்கும். ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அப்போது வரும் பெட்டிகளை அவசரப்படாமல் படியுங்கள். "70 சதவீதத் தள்ளுபடியில் தொடர்க" என்பது பெரிய பச்சைப் பட்டனாகவும், "இல்லை, நீக்கு" என்பது கீழே மங்கிய எழுத்தாகவும் இருக்கும்.

இந்த வழியில் போகாதவைதான் முரட்டு வகை. பட்டியலில் பெயரே இருக்காது, அல்லது டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே மூடிவிடும். ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போனால் எண்ணிட்ட பட்டியல் வரும். 4 சேஃப் மோடு, 5 நெட்டோடு சேஃப் மோடு. சில கெட்டிக்காரப் போலிகள் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேமிக்கும் இடம்) உள்ள ஷெல் என்ற மதிப்பையே மாற்றி, டெஸ்க்டாப்புக்குப் பதிலாகத் தாங்கள் எழுமாறு செய்துவிடும். அவை 4-லும் 5-லும்கூட வரும். அப்போது 6-ஐ அழுத்துங்கள். அதில் டெஸ்க்டாப் எழாது, கறுப்பு கமாண்ட் பிராம்ப்ட் மட்டும் வரும், ஷெல் மதிப்பை அது பயன்படுத்துவதே இல்லை. அங்கே ரெஜ்எடிட் (ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் டூல்) என்று அடித்து, வின்லாகன் கிளையில் ஷெல் என்பதன் மதிப்பு எக்ஸ்ப்ளோரரின் எக்ஸி (புரோகிராம்) ஃபைலாக மட்டும் இருக்கிறதா என்று பார்த்துத் திருத்த வேண்டும்.

சேஃப் மோடில் ஆட்டோரன்ஸை அட்மினாக ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் எழும்போது தானாக எழும் அத்தனையையும் ஒரே இடத்தில் காட்டும் டூல் இது. ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் என்ட்ரிகளை மறைக்கச் சொல்லி, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் கோட் சிக்னேச்சரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான வரிகள் சில டஜனாகக் குறைந்துவிடும். இளஞ்சிவப்பு வரி என்றால் தயாரித்தவர் கையொப்பம் இல்லை, மஞ்சள் என்றால் அது சொல்லும் ஃபைல் அந்த இடத்தில் இல்லை. இளஞ்சிவப்பு எல்லாமே கெட்டது என்று பொருளல்ல. பழைய பிரின்ட்டர் சாஃப்ட்வேரும், சில தமிழ் டைப்பிங் டூல்களும்கூட அப்படி வரலாம். பார்க்க வேண்டியது ஃபைல் இருக்கும் இடம். நிஜமான ஆன்டிவைரஸ் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருக்கும். ஆப்டேட்டாவிலோ டெம்ப் ஃபோல்டரிலோ, வாயில் நுழையாத எழுத்துகளைப் பெயராகக் கொண்டு ஒன்று உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் எழுகிறதென்றால் அதுதான் உங்கள் ஆள்.

வரியின் இடப்பக்க டிக்கை எடுத்துவிடுங்கள், டெலீட் செய்ய வேண்டாம். தவறு செய்திருந்தால் டிக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஷெட்யூல்ட் டாஸ்க்ஸ் தாவலைக் கட்டாயம் பாருங்கள். இப்போதைய சரக்கு அதிகம் ஒளிவது அங்கேதான். அதில் ஒரு டாஸ்க் பவர்ஷெல்லையோ டபிள்யூஸ்கிரிப்டையோ எம்எஸ்எச்டிஏவையோ கூப்பிட்டு ஏதோ ஒரு வெப் முகவரியைத் திறக்கச் சொன்னால், கூப்பிடப்படும் புரோகிராம் மைக்ரோசாஃப்டுடையது என்பதற்காக அதை நம்ப வேண்டாம்.

ஏன் ஃபைலை முதலில் அழிக்கக் கூடாது என்பதற்கு 2010, 2011 வாக்கில் பரவிய ஒரு போலி ஆன்டிவைரஸ் குடும்பம் நல்ல உதாரணம். மைக்ரோசாஃப்ட் அதற்கு வைத்த பெயர் ஃபேக்ரீன். விண்டோஸ் எக்ஸ்பியில் "எக்ஸ்பி ஆன்டிஸ்பைவேர் 2011" என்றும் விண்டோஸ் செவனில் "வின் 7" என்று தொடங்கியும், மெஷினுக்குத் தக்கபடி பெயரை மாற்றிக்கொள்ளும். மூன்று எழுத்தில் பெயருள்ள சின்ன ஃபைல்தான் அது. அது செய்த தந்திரம், எக்ஸி ஃபைல்களைத் திறப்பது யார் என்ற ரெஜிஸ்ட்ரி விதியில் தன்னைச் செருகிக்கொண்டது. நோட்பேடைத் திறந்தாலும் கால்குலேட்டரைத் திறந்தாலும் முதலில் அது எழும், பிறகு இஷ்டப்பட்டால் நீங்கள் கேட்டதைத் திறக்கும். இதை அறியாமல் அந்த மூன்றெழுத்து ஃபைலை மட்டும் அழித்தவர்களுக்கு அடுத்த நிமிடம் எந்தப் புரோகிராமும் திறக்கவில்லை. "இந்த ஃபைலை எதைக் கொண்டு திறக்க வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டு நின்றது. ரெஜ்எடிட்டும் ஓர் எக்ஸி ஃபைல்தானே, அதுவும் திறக்காது.

வழி இருந்தது. விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கும் ரெஜ்எடிட்டை டெஸ்க்டாப்புக்கு ஒரு காப்பி எடுத்து, அதன் பின்னொட்டை எக்ஸியிலிருந்து காம் என்று மாற்றினால் போதும். காம் ஃபைல்களுக்கான விதி தனி. போலி அதைத் தொட்டிருக்காது. ரெஜ்எடிட் திறந்ததும் கரண்ட் யூசர் கிளையில் சாஃப்ட்வேர், அதற்குள் கிளாஸஸ், அதற்குள் எக்ஸியின் பெயரில் இருக்கும் சாவியையும், அது சுட்டும் இன்னொரு சாவியையும் அழிக்க வேண்டும். சாதாரண மெஷினில் பயனரின் கிளைக்குள் அந்தச் சாவி இருப்பதே இல்லை. அழித்ததும், பொதுக் கிளையில் உள்ள சரியான விதி தானாக நடைமுறைக்கு வந்துவிடும். அதே காலத்துப் போலிகள் ஸ்கேனர்களைப் பெயர் பார்த்துத் தடுத்தன. அதனால்தான் ப்ளீப்பிங் கம்ப்யூட்டர் தளம் தன் ஆர்கில் டூலை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பெயரிலும் கொடுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் கெட்ட புரோகிராம்களை ஆர்கில் நிறுத்த மட்டும்தான் செய்யும், நீக்காது. அதை ஓட்டிய கையோடு ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழையபடி எழுந்துகொள்ளும்.

தானாக எழும் வழியை அடைத்ததும் சாதாரண மோடுக்குத் திரும்பி ஸ்கேன் செய்யுங்கள். சேஃப் மோடில் ஸ்கேன் செய்வதே சிறந்தது என்ற பழைய எண்ணம் இப்போது அவ்வளவு பொருந்தாது. மால்வேர்பைட்ஸ் போன்றவை சாதாரண மோடில்தான் தங்கள் முழுத் திறனோடு ஓடும். இப்போது நெட்டை இணைத்து, டேட்டாபேஸை அப்டேட் செய்து மால்வேர்பைட்ஸை ஓட்டுங்கள், பிறகு ஆட்வ்கிளீனரை. கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் இருக்கும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். இது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும். மூன்றும் ஒரே நேரத்தில் ஓட வேண்டாம்.

இனி அது விட்டுப்போன தடயங்கள். நெட் வரவில்லை என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க், அதற்குள் பிராக்ஸியை (நெட் போகும் இடைவழி) பாருங்கள். மேனுவல் பிராக்ஸி ஆன் ஆகி, 127.0.0.1 (இதே கம்ப்யூட்டரின் முகவரி) என்று இருந்தால், உங்கள் நெட் முழுவதும் அந்தப் போலி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அதை நீக்கிவிட்டீர்கள், பாதை மட்டும் இன்னும் அங்கேயே திரும்பி நிற்கிறது. ஆஃப் செய்தால் நெட் வந்துவிடும். சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும், தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். விண்டோஸோடு வரும் வரிகள் எல்லாம் ஹாஷ் குறியோடு தொடங்கும். அந்தக் குறி இல்லாமல், ஆன்டிவைரஸ் தளங்களின் பெயரோடு வரிகள் இருந்தால் அவை அந்தத் தளங்களைத் திறக்க விடாமல் செய்யப் போட்டவை.

இதையெல்லாம்விட அதிகம் தவறவிடப்படுவது டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியல். வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். அங்கே நீங்கள் போடாத ஃபோல்டரோ, சில சமயம் மொத்த சி டிரைவோ இருக்கும். இருந்தால் டிஃபெண்டர் பச்சை டிக் காட்டிக்கொண்டே அந்த இடங்களைப் பார்க்காமல் தாண்டிப் போகும். கிராக் செய்த விண்டோஸ் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டராக இருந்தால் இதை அவசியம் பாருங்கள். ஆக்டிவேட்டர்கள் வேலை செய்ய டிஃபெண்டரை அணைக்கவோ ஃபோல்டரை விலக்கவோ வேண்டியிருக்கும், போட்டவர் அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பார். அங்கிருப்பதை நீக்கிய பிறகு ஸ்கேன்களை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும், வேறு வழியில்லை.

குரோமின் மெனுவில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்தால், ரெஜிஸ்ட்ரியின் பாலிசீஸ் கிளையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். நிஜமான சில ஆன்டிவைரஸ்களும் இதைச் செய்வதுண்டு. ஆனால் எக்ஸ்டென்ஷன் ஒன்றை நீக்கவே முடியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். லோக்கல் மெஷின், கரண்ட் யூசர் இரண்டிலும் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள் என்று பார்த்து, அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு அழியுங்கள். பிரவுசர் ஐகானின் பிராப்பர்ட்டீஸில் டார்கெட் வரிக்குப் பின்னால் ஏதாவது வெப் முகவரி ஒட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

திரையில் வந்த நம்பருக்கு போன் செய்து, சொன்னபடி, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்கோ அல்ட்ராவியூவரோ போட்டுக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. எதிர்முனையில் இருப்பவர் விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிவப்பு எரர்களைக் காட்டியிருப்பார். எல்லா விண்டோஸிலும் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும். 888 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண்ணைப் படித்து, "இது உங்கள் கம்ப்யூட்டருக்கே உரிய லைசென்ஸ் எண், சரிபாருங்கள்" என்றிருப்பார். அந்த எண் உலகத்தில் உள்ள எல்லா விண்டோஸிலும் ஒன்றேதான். இப்படியான கால் சென்டர்கள் மீது மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகாரின் பேரில் 2023 அக்டோபரில் சிபிஐ பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. ஏமாந்தது உங்கள் வீட்டுப் பெரியவராக இருந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து அவர் எதையாவது மறைத்தால், எந்த வங்கிக் கணக்கைத் திறந்து காட்டினார் என்பது உங்களுக்குத் தெரியாமல் போகும்.

முதலில் நெட்டை வெட்டுங்கள். பிறகு இன்னொரு கருவியிலிருந்து, அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வேண்டவே வேண்டாம், ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அடுத்து வங்கியுடையதை. கார்டு நம்பர் கொடுத்திருந்தால் கார்டை பிளாக் செய்து, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் பதியுங்கள். ஓடிபியை நாமே கொடுத்துவிட்டோமே, புகார் செய்து என்ன பயன் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைத்தான் சேரும். ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு உண்டு.

வெளியாள் அட்மின் உரிமையோடு உள்ளே இருந்த கம்ப்யூட்டரைத் துடைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம் என்பதே என் கருத்து. என்னென்ன வைத்துவிட்டுப் போனார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. போட்டோ, டாக்குமென்ட் மட்டும் எடுத்துக்கொண்டு, எக்ஸி எதையும் எடுக்காமல், ரீசெட் திஸ் பிசியில் ரிமூவ் எவ்ரிதிங், கிளவுட் டவுன்லோட் கொடுங்கள். 4 ஜிபிக்கு மேல் டேட்டா ஆகலாம், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் செய்வதாக இருந்தால் மீதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்த கம்ப்யூட்டரை இரண்டு நாள் வழக்கம்போல் ஓட்டிவிட்டு, ஆட்டோரன்ஸை மறுபடி திறந்து பாருங்கள். டிக் எடுத்த வரி புதுப் பெயரில் திரும்பி வந்திருந்தால் ஏதோ ஒரு டாஸ்க் தப்பியிருக்கிறது. வரவில்லையென்றால் அந்த வரிகளையும் ஃபைல்களையும் இப்போது அழித்துவிடலாம். பெற்றோர் பயன்படுத்தும் மெஷின் என்றால், பிரவுசரில் எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்கவே கூடாது என்று அமைத்துவிட்டு, அவர்களுக்கு ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் ஒன்றைத் தனியாகப் போட்டுக் கொடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி எப்போது வந்தாலும், அதை அப்படியே விட்டுவிட்டு உங்களுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.